லயத்து வானொலியும் பங்களா இரைச்சலும்

அண்மையில் நண்பர் ஒருவர் தாமே இணைத்த வால்வு ஒலிபெருக்கி ஒன்றைக் கொண்டுவந்தார். ஹெட்போனில் கேட்பதற்கென்றே செய்யப்பட்டது. பாடல் இனிமையாகத்தான் ஒலித்தது. பாடல் ஓய்ந்த இடங்களில் மட்டும் 'ம்ம்ம்' என்றொரு முரலொலி. "எங்கள் லயத்து வானொலியில் இது இருந்ததே இல்லையே" என்றேன். "ஏன்?" என்று கேட்டார். அந்தக் கேள்வி என்னைப் பதுளைக்கு அழைத்துச் சென்றது.

மலையகத்து ரயில் பாதை பதுளையை எட்டியது 1924ஆம் ஆண்டில். அதே காலத்தில்தான் இலங்கையில் வானொலியும் பிறந்தது. தந்தித் திணைக்களத்தின் தலைமைப் பொறியியலாளர் எட்வர்ட் ஹார்ப்பர், கைப்பற்றப்பட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்றின் கருவிகளைக் கொண்டு 1923இல் சோதனை ஒலிபரப்பு நடத்தினார். முறையான ஒலிபரப்பு 1925 டிசெம்பர் 16ஆம் திகதி தொடங்கியது. உலகெங்கும் அக்கால நேயர்களில் பலர் ஹெட்போனை மாட்டிக்கொண்டே கேட்டனர். நிலையத்துக்கு அருகில் இருந்தவர்களுக்கு வால்வு இல்லாத படிகப் பெட்டியே போதும். தொலைவில் இருந்தவர்களுக்கு வால்வு வேண்டும். வால்வுக்கு மின்சாரம் வேண்டும்.

பசறைப் பக்கம் நாங்கள் இருந்த தோட்டத்தில் தேயிலைத் தொழிற்சாலைக்கும் துரை பங்களாவுக்கும் மின்சாரம் இருந்தது. லயங்களுக்கு இல்லை. ஆகவே எங்கள் லயத்தில் பெரியப்பாவின் காம்பராவில் இருந்தது மின்கலத்தில் இயங்கும் நான்கு வால்வுப் பெட்டி. மின்கலத்தின் விலைக்கு அஞ்சிச் செய்தி நேரத்தில் மட்டுமே அதைத் திருப்புவார். பங்களாத் தோட்டத்தில் வேலை செய்த சித்தப்பாவுடன் போகும்போது, துரையின் பெரிய வானொலி வராந்தாவில் முரல்வதையும் கேட்டிருக்கிறேன். துரையின் பெட்டி இரைந்தது, எங்களுடையது இரையவில்லை.

காரணம் எளியது. அத்தகைய மின்கலப் பெட்டிகளில் டிகே91, டிஎஃப்91, டிஏஎஃப்91, டிஎல்92 போன்ற வால்வுகள் இருந்தன. ஐரோப்பியப் பெயரிடலில் முதலெழுத்து 'டி' என்றால் இழைக்கு ஏறத்தாழ 1.4 வோல்ட், 'இ' என்றால் 6.3 வோல்ட். மின்கலம் தருவது நேர்மின்னோட்டம். அது அலைவதில்லை; அலையாதது முரலாது. பங்களாவில் ஓடியதோ விநாடிக்கு 50 முறை அலையும் மாறுமின்னோட்டம்.

1964 ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமாவோவும் சாஸ்திரியும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டனர். அப்போது எனக்கு வயது பதினொன்று. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசுவது என்று பங்கிட்டார்கள். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் நாடற்றவராகிய எங்களிடம் எவரும் கருத்துக் கேட்கவில்லை. அந்த எண்களை அந்தச் சிறு பெட்டி வழியாகவே லயம் கேட்டது. மறுநாள் பிரட்டுக்களத்தில் அதைத் தவிர வேறு பேச்சில்லை.

இனி நண்பரின் கருவிக்கு வருவோம். சிறிய ஒலிபெருக்கிப் பெட்டியில் 50 அலைவின் ஒலி எழாமலே மடிந்துவிடும். காதோடு ஒட்டிய ஹெட்போன் அதையும் மறைக்காது. முரலல் தாழ்ந்த குரலில் இருந்தால் வால்வைச் சூடாக்கும் கம்பிகளையோ நிலத்தொடுப்பையோ ஐயுறலாம்; சற்றுக் கரகரத்து 100 அலைவில் இருந்தால் மின்வழங்கியின் வடிகட்டி மின்தேக்கி முதுமையடைந்திருக்கலாம். ஒலியளவுக் குமிழைக் குறைக்கும்போது இரைச்சலும் குறைந்தால் கோளாறு குமிழுக்கு முன்னால், மாறாவிட்டால் பின்னால்.

வால்வைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் வேண்டும். இசிசி83 நூறு மடங்கு பெருக்க வல்லது. இசிசி82 இருபதுக்கும் குறைவு. ஹெட்போனுக்குப் பெரும் பெருக்கம் வேண்டியதில்லை. மிகையான பெருக்கம் இரைச்சலையும் சேர்த்தே பெருக்கும். ஆனால் சுற்று இடந்தருகிறதா என்று பார்த்தே மாற்ற வேண்டும். இசிசி88 அதே ஒன்பது முனைக் குழியில் பொருந்தும் என்றாலும் சூடேற்றும் முனைகளின் இணைப்பு வேறு. கண்ணை மூடிக்கொண்டு செருகக்கூடாது. மின்சாரத்தை நிறுத்திய பின்னரும் மின்தேக்கிகளில் உயிர்குடிக்கும் மின்னேற்றம் தங்கியிருக்கும் என்பதையும் மறக்கலாகாது.

நண்பர் சூடேற்றும் கம்பிகளை முறுக்கினார். நிலத்தொடுப்புகளை ஒரே புள்ளியில் சேர்த்தார். முரலல் பெரிதும் தணிந்தது, முற்றாகப் போகவில்லை. இறுதியில் முதல் வால்வை நேர்மின்னோட்டத்தால் சூடாக்கினார். அத்துடன் அடங்கியது. இன்றைய ஆர்வலர்கள் செலவு செய்து அடைகின்ற அமைதி, மின்சாரம் மறுக்கப்பட்ட லயத்துக்கு அன்று வேறு வழியின்றி வாய்த்தது. அதைப் பேறு என்று நான் சொல்லமாட்டேன். அந்த அமைதியில்தான், ஓர் எண்ணும் தப்பாமல், எங்கள் பங்கீட்டை நாங்கள் கேட்டோம்.

பெரியப்பா குடும்பம் இந்தியாவுக்குப் பெயர் பதிந்தது. பதுளை நிலையத்தில் கோச்சி ஏறுமுன் அந்தப் பெட்டியை அப்பாவிடம் கொடுத்து, "செய்தியை மட்டும் விட்டுவிடாதே" என்றார். பிறகு நான் செய்தி எழுதும் தொழிலுக்கே வந்துவிட்டேன்.