ஓய்வு நாளும் ஒழுங்கு நடவடிக்கையும்

முடியரசின் சித்தம் உள்ளவரையில் மட்டுமே சர்க்கார் உத்தியோகஸ்தனுக்குப் பதவி என்னும் பழைய ஆங்கிலக் கோட்பாட்டை 1935-ஆம் வருஷத்து இந்திய அரசாங்கச் சட்டத்தின் 240-ஆவது பிரிவு ஓரளவு கட்டுப்படுத்தியது. பதவியினின்று நீக்குமுன் ஒருவனுக்குத் தன் பக்கத்து நியாயத்தைச் சொல்லத் தக்க அவகாசம் தரவேண்டும் என்ற அந்த விதியை, 1950-இல் நமது அரசியல் சாசனமும் 311-ஆவது ஷரத்தாக ஏற்றுக்கொண்டது. ஆயினும் ஓய்வுபெற்றவனைப் பதவிநீக்கம் செய்வது எங்ஙனம்? எஜமான்–ஊழியன் சம்பந்தம் ஓய்வு நாளோடு அற்றுப்போவதால், வருஷக்கணக்கில் தூங்கிக் கிடந்த கோப்புகள் கடைசி வாரத்தில் உயிர்பெற்றெழுவது இலாகாக்களில் சகஜமாயிற்று.

பஞ்சாப் கூட்டுறவு இலாகா உத்தியோகஸ்தர் ஒருவர் 1958 ஆகஸ்டு 4-ஆம் தேதி ஓய்வுபெற இருந்தார். 2-ஆம் தேதி முதல் அவர் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டிருப்பதாக ஜூலை 31-இல் தந்தி புறப்பட்டது. அது அவர் கைக்கு எப்போது சேர்ந்தது என்பதே வழக்காகி, உத்தரவு அதிகாரியின் கையை விட்டுப் போய்விட்டாலே போதும், பெற்றுக்கொண்ட தேதி முக்கியமன்று என்று 1969-இல் உச்ச நீதிமன்றம் சர்க்காருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. சட்ட நுணுக்கத்தில் இதற்குக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் இலாகாக்கள் இதிலிருந்து கற்றுக்கொண்டது நுணுக்கத்தையன்று, வழியையே.

தமிழ்நாட்டிலோ அடிப்படை விதி 56(1)(சி)-யின்படி, தற்காலிகப் பணிநீக்கத்தில் உள்ளவர் ஓய்வுபெற அனுமதிக்கப்படாமல், விசாரணை முடியும்வரை ஊழியத்திலேயே நிறுத்திவைக்கப்படுவார். பிரிவுபசாரத்துக்கு மாலை வாங்கி, நாற்காலிகளும் போட்டாயிற்று என்னும் மாதக் கடைசிப் பிற்பகலில் தபேதார் ஓர் உறையைக் கொண்டுவந்து நீட்டுவார். ஒழுங்கு விதிகளின் 17(பி) பிரிவின்படியான குற்றச்சாட்டுக் குறிப்பாணை பின்னால் வரும், விசாரணை அதற்கும் பின்னால். பணிக்கொடை நிற்கும், சாட்சிகளோ மாற்றலாகியிருப்பார்கள், அல்லது மறைந்திருப்பார்கள்.

கையூட்டு வாங்கியவன் தேதியைக் காட்டித் தப்பலாமா என்று கேட்பவர்களுக்கு விடை 1978-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஓய்வூதிய விதிகளிலேயே உண்டு: ஓய்வுக்குப் பின்னும் விசாரணையைத் தொடரலாம், ஓய்வூதியத்தைக் குறைக்கலாம், புதிதாகத் தொடங்குவதானால் நான்கு ஆண்டுகளுக்குட்பட்ட சம்பவமாக இருக்கவேண்டும். ஓய்வூதியம் சர்க்காரின் தயவன்று, உரிமையே என்று 1982-இல் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியதனால், அதைக் குறைக்கவும் முறையான விசாரணை வேண்டும், அவ்வளவுதான். ஓய்வு நாளில் தற்காலிகப் பணிநீக்கம் செய்யும் வழக்கம் தவிர்க்கப்படும் என்று 2021 செப்டம்பரில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். கோப்பைத் தூங்கவிட்ட அதிகாரியிடமும் விளக்கம் கேட்கும் விதி ஒன்றை அதனோடு சேர்க்கவேண்டும்.