வடகொரியக் கதைப்படங்கள்

வடகொரியக் கதைப்படங்கள் என்பவை, 1945-இல் ஜப்பானிய ஆட்சி முடிந்து கொரியத் தீபகற்பம் இரண்டாகப் பிளவுபட்ட பின், அதன் வடபகுதியில் உழைப்பாளர் கட்சியின் ஆட்சியில் எடுக்கப்பட்ட முழுநீளத் திரைப்படங்கள். செய்திப்படம், ஆவணப்படம் ஆகியவற்றிலிருந்து பிரித்துக் காட்ட, அங்கே இவற்றைக் ‘கலைப்படம்’ என்று பொருள்படும் ‘யேசுல் யோங்ஹ்வா’ என்ற பெயரால் அழைக்கிறார்கள். தனியார் தயாரிப்பாளர் என்று எவரும் இல்லை. கதைத் தேர்வு, படப்பிடிப்பு, தணிக்கை, திரையிடல் எல்லாம் அரசிடமும் கட்சியிடமுமே உள்ளன.

இந்தத் திரைத்துறை தலைவர்களின் வழிகாட்டலில் பிறந்து வளர்ந்தது என்று அந்நாட்டு நூல்கள் எழுதுகின்றன. படங்களைப் பார்த்தால் வேறொன்றும் தெரிகிறது. ஜப்பானியர் காலத்துச் சியோலில் உருவான ஒரே திரைக்குடும்பம் நாட்டோடு சேர்ந்து இரண்டாக உடைந்தது. அதன் ஒரு பாதிதான் வடகொரிய சினிமா. பிளவுக்கு முந்தைய கதைகளும் முகங்களும் அதில் கடைசிவரை தொடர்ந்து வந்தன.

தொடக்கம்

1925 முதல் 1935 வரை இயங்கிய ‘காப்’ எனும் பாட்டாளி வர்க்கக் கலைஞர் கூட்டமைப்பில் இருந்தவர்கள் பலர் விடுதலைக்குப் பின் வடக்கே சென்றனர். 1947-இல் பியோங்யாங்கில் அரசுத் திரைப்பட நிலையம் நிறுவப்பட்டது. அங்கிருந்து வந்த முதல் கதைப்படம் ‘என் சொந்த ஊர்’ (1949). இயக்கியவர் கங் ஹோங்-சிக். பண்ணையார் மகனை அடித்ததற்காகச் சிறை செல்லும் ஏழைக் குத்தகை விவசாயி, அங்கே ஒரு புரட்சியாளரைச் சந்திக்கிறான். தப்பி, கிம் இல்-சுங்கின் கெரில்லாப் படையில் சேர்ந்து, விடுதலை பெற்ற ஊருக்குத் திரும்புகிறான். ஜப்பானின் தோல்வியில் சோவியத் படைக்கும் அமெரிக்கப் படைக்கும் இருந்த பங்கு படத்தில் இல்லை. பின்னாளில் நூற்றுக்கணக்கான படங்கள் திரும்பத் திரும்பச் சொன்ன வரலாறு முதல் படத்திலேயே முழு உருவம் பெற்றுவிட்டது.

அதில் நாயகியாக நடித்த முன் யே-போங், 1935-இல் கொரியாவின் முதல் பேசும்படமான ‘சுன்ஹியாங் கதை’யின் நாயகி. ஜப்பானியர் காலத்தில் நாடறிந்த நட்சத்திரமாக இருந்த அவர் 1948-இல் கணவரோடு வடக்கே வந்தார். புதிய அரசின் முதல் படத்துக்கு மக்கள் அறிந்த பழைய முகம் தேவைப்பட்டது.

அதே 1949-இல் தெற்கே ‘மனத்தின் ஊர்’ என்றொரு படம் வெளியானது. மலைக்கோயிலில் வளரும் சிறுவனின் தாய் ஏக்கத்தைச் சொன்ன அந்த அமைதியான படத்தை இயக்கியவர் யுன் ரியோங்-கியு. இளம் விதவையாக நடித்தவர் சோய் உன்-ஹீ. யுன் வடக்கே போய், கொரியப் போரின் நடுவில் ‘சிறுவர் கெரில்லாக்கள்’ (1951) எடுத்தார். சோய் தெற்கிலேயே தங்கிப் பெரும் நட்சத்திரமானார். ஏறத்தாழ 30 ஆண்டுகளுக்குப் பிறகு அவரும் வடக்கே வந்து சேர்ந்தார், ஆனால் தன் விருப்பத்தால் அல்ல. அது பின்னர்.

போருக்குப் பின் கூட்டுப்பண்ணை, தொழிற்சாலை, போர்த்தியாகம் ஆகியவை கதைக்களங்களாயின. 1959-இல் இராணுவத்துக்கெனத் தனிப் படப்பிடிப்பு நிலையம் வந்தது. இன்று அதன் பெயர் ‘ஏப்ரல் 25 படப்பிடிப்பு நிலையம்’. பியோங்யாங்கின் பெரிய கொரியக் கலைப்பட நிலையத்தில் பழங்காலக் கொரியா, ஜப்பான், சீனா, ஐரோப்பா, 1950-களின் சியோல் ஆகியவற்றின் தெருக்கள் நிலையான அரங்குகளாகக் கட்டப்பட்டுள்ளன. தென்கொரியாவில் கால் வைக்க முடியாத இயக்குநர்கள் அதன் தலைநகரை இந்தத் தெருவில்தான் படமாக்கினார்கள்.

கிம் ஜோங்-இல்லும் ‘வித்து’க் கோட்பாடும்

1960-களின் பிற்பாதியில் கட்சியின் பிரச்சாரத் துறைக்கு வந்த கிம் ஜோங்-இல், தந்தையின் ஆட்சிக்கு வாரிசாகத் தன்னை நிறுவிக்கொண்ட முதல் களம் திரைப்படமே. 1973-இல் அவர் பெயரில் ‘திரைப்படக் கலை பற்றி’ என்ற நூல் வெளியானது. ஒரு படைப்பின் சிந்தனையும் கலையும் முளைப்பதற்கான ஒரே ‘வித்து’ முதலில் தெளிவாக வேண்டும். நடிப்பு, இசை, ஒப்பனை எல்லாம் அதிலிருந்தே வளர வேண்டும் என்பது அதன் மையம். கதைக்கரு என்று நாம் சொல்வதற்கு அருகில் உள்ள கருத்துதான். வித்து சரியா என்று தீர்ப்புச் சொல்லும் உரிமை மட்டும் கலைஞனிடம் இல்லை.

அக்காலத்தில் கிம் இல்-சுங் கெரில்லா நாட்களில் இயற்றியதாக அரசு சொல்லும் நாடகங்கள் படமாக்கப்பட்டன. ‘இரத்தக்கடல்’ (1969), ‘ஒரு தற்காப்புப் படைவீரனின் விதி’ (1970), ‘பூக்காரி’ (1972) ஆகிய மூன்றும் அவ்வகையின் முதன்மைப் படங்கள். இரண்டாவது படம் 40 நாளில் முடிந்ததாக அரசு வரலாறுகள் பெருமையோடு பதிவு செய்கின்றன. ‘வேகப் போர்’ என்ற முழக்கம் திரைத்துறையிலிருந்து கிளம்பித் தொழிற்சாலைகளுக்கும் பரவியது.

இம்மூன்றில் எல்லை தாண்டி நின்றது ‘பூக்காரி’. சோய் இக்-கியுவும் பக் ஹக்கும் இயக்கிய இப்படத்தின் கதை எளியது. பண்ணையார் வீட்டில் வேலை செய்யும் நோயாளித் தாய்க்கு மருந்து வாங்க, கொப்புன் என்ற பெண் மலைப்பூக்களைப் பறித்துத் தெருவில் விற்கிறாள். அண்ணன் சிறையில், தங்கை பண்ணையார் மனைவியின் கொடுமையால் பார்வை இழந்தவள். காசு சேர்த்து மருந்தோடு வீடு திரும்பும்போது தாய் இறந்து கிடக்கிறாள். அண்ணன் கெரில்லாவாகத் திரும்பி வருவதும், ஊர் எழுவதும், பண்ணையார் வீழ்வதும் எதிர்பார்த்தபடியே நடக்கின்றன.

இறுதிப் பகுதி கட்சிக்குரியது. மருந்துப் பொட்டலத்தோடு ஓடிவரும் பெண்ணின் காட்சி அப்படி அல்ல. ஜப்பானியர் காலத்து மேடைகளில் கொரியர்களை அழவைத்த கண்ணீர் நாடகத்தின் நேரடி வாரிசு அது. பாத்திரம் பேசாமல் நிற்க, அதன் மனத்தைத் திரைக்கு வெளியிலிருந்து ஒரு குரல் பாடும் முறையும் இதில் உண்டு. புரட்சி இசைநாடகங்களில் ‘பங்சாங்’ எனப்படும் மறைவுச் சேர்ந்திசை இதே உத்திதான். கார்லோவி வாரி விழாவில் சிறப்புப் பரிசு பெற்ற இப்படம், சீனத்தில் மொழிமாற்றம் செய்யப்பட்டு, கலாச்சாரப் புரட்சியின் வறண்ட ஆண்டுகளில் பெருங்கூட்டத்தை ஈர்த்தது. கொப்புன்னாக நடித்த ஹோங் யோங்-ஹியின் உருவம் 1992-ஆம் ஆண்டு வரிசையின் ஒரு வொன் தாளில் அச்சானது.

திரையிடலும் தனி முறையானது. நடமாடும் குழுக்கள் பண்ணைகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் படத்தைக் கொண்டு சென்றன. பார்ப்பதோடு வேலை முடியாது. படத்தின் நாயகரைப் போல நாம் வாழ்கிறோமா என்று ஆராயும் கூட்டங்கள் பணியிடங்களில் நடந்தன.

தொடர்படங்களும் அமெரிக்க நடிகர்களும்

1970-களின் இறுதியிலிருந்து பல பாகப் படங்கள் பெருகின. கிம் இல்-சுங்கின் இளமையைச் சொன்ன ‘கொரியாவின் நட்சத்திரம்’ 1980-களில் 10 பாகங்களாக வந்தது. 1992-இல் தொடங்கிய ‘தேசமும் விதியும்’ 60 பாகங்களையும் தாண்டியது.

போர்க்கால உளவுக் கதையான ‘பெயரறியா வீரர்கள்’ தொடரில் வரும் அமெரிக்கர்கள் உண்மையான அமெரிக்கர்கள். 1960-களில் படைவிலக்கப் பகுதியைத் தாண்டி வடக்கே சென்ற நான்கு அமெரிக்கச் சிப்பாய்களான ஜேம்ஸ் டிரெஸ்நாக், சார்ல்ஸ் ஜென்கின்ஸ், லாரி ஆப்ஷியர், ஜெரி பேரிஷ் ஆகியோர் வில்லன் வேடங்களில் நடித்தனர். சிறைமுகாம் அதிகாரி ஆர்தராக நடித்த டிரெஸ்நாக்கைப் பியோங்யாங் மக்கள் பின்னர் அந்தப் பெயரிலேயே அழைத்தார்கள்.

ஷின் சாங்-ஓக்கும் சோய் உன்-ஹீயும்

சியோலின் முன்னணி இயக்குநர் ஷின் சாங்-ஓக். அவருடைய முன்னாள் மனைவியும் அவர் படங்களின் நாயகியுமான சோய் உன்-ஹீ. 1978 ஜனவரியில் சோய் ஹாங்காங்கிலிருந்து கடத்தப்பட்டார். அவரைத் தேடிச் சென்ற ஷின் அதே ஆண்டு ஜூலையில் காணாமல் போனார். தப்ப முயன்றதால் ஷின் ஆண்டுக்கணக்கில் சிறையில் கிடந்தார். 1983 மார்ச்சில் கிம் ஜோங்-இல் அளித்த விருந்தில்தான் இருவரும் மறுபடி சந்தித்தனர். தன் நாட்டுப் படங்கள் எப்போதும் அழுதுகொண்டே இருக்கின்றன, வெளிநாட்டு விழாக்களுக்கு அனுப்பும் தரம் இல்லை என்று கிம் குறைபட்டதை அவர்கள் மறைத்து வைத்த ஒலிநாடாவில் பதிந்து, பின்னர் உலகுக்கு வெளியிட்டனர்.

அடுத்த மூன்று ஆண்டுகளில் அவர்கள் செய்த வேலை வடகொரிய சினிமாவின் முகத்தை மாற்றியது. 1907-இல் ஹேக் மாநாட்டுக்குச் சென்ற கொரியத் தூதர்களைப் பற்றிய ‘திரும்பாத தூதன்’ (1984), சோ சோ-ஹேயின் சிறுகதையிலிருந்து எடுத்த ‘தப்பியோடியவனின் குறிப்பு’ (1984), கங் கியோங்-ஏயின் குறுநாவலிலிருந்து எடுத்த ‘உப்பு’ (1985) ஆகியவற்றில் தலைவர் துதி பின்னுக்குப் போய், பசியும் குடும்பமும் முன்னுக்கு வந்தன. ‘தப்பியோடியவனின் குறிப்பு’ படத்தின் முடிவில் வெடித்துச் சிதறும் ரயில், மாதிரி உருவம் அல்ல, உண்மையான ரயில் என்று ஷின் எழுதியிருக்கிறார். ‘உப்பு’ படத்துக்காகச் சோய் 1985 மாஸ்கோ விழாவில் சிறந்த நடிகை விருது பெற்றார். கள்ள உப்பைத் தலையில் சுமந்து ஆற்றைக் கடக்கும் தாயாக அவர் நடித்ததற்கு இணையான நடிப்பு வடகொரியப் படங்களில் அரிது.

1984-இல் ஷின் எடுத்த ‘காதல், காதல், என் காதல்’ சுன்ஹியாங் கதையே. அக்கதையை 1961-இல் சியோலில் சோயை வைத்து ஒருமுறை எடுத்தவர் அவர். 1980-இல் பியோங்யாங்கில் யுன் ரியோங்-கியுவும் எடுத்திருந்தார். அதிகாரிக்குப் பணியாமல் சிறையில் வாடும் பெண்ணின் கதை எல்லையின் இருபுறமும் பொதுச் சொத்தாகவே இருந்தது.

கடைசிப் படம் ‘புல்காசாரி’ (1985). சிறையில் பட்டினி கிடக்கும் கொல்லன் சோற்றைப் பிசைந்து ஒரு சிறு உருவம் செய்கிறான். மகளின் ஊசிக்காயத்து இரத்தம் பட்டு அது உயிர் பெறுகிறது. இரும்பைத் தின்று மலையளவு வளர்ந்து, விவசாயிகளோடு சேர்ந்து மன்னனை வீழ்த்துகிறது. வென்ற பின்னும் அதன் பசி அடங்கவில்லை; ஊராரின் ஏர்க்கொழுவையும் மண்வெட்டியையும் கேட்கிறது. ஜப்பானின் ‘காட்ஸில்லா’ படங்களில் பணியாற்றிய நகானோ தெருயோஷி சிறப்புக் காட்சிகளை அமைத்தார். விலங்கு உடைக்குள் நடித்தவர் சட்சுமா கென்பச்சிரோ. கட்டுமீறிய முதலாளித்துவத்தின் உருவகம் என்றும், மக்களின் பெயரால் வந்து மக்களையே தின்ற ஆட்சியின் உருவகம் என்றும் இருவிதமாகப் படத்தை வாசிக்கிறார்கள். கடைசி அரைமணி நேரத்தைப் பார்த்தவர்க்கு இரண்டாம் வாசிப்பைத் தவிர்ப்பது கடினம்.

1986 மார்ச்சில் வியன்னாவில் இருவரும் காவலர்களை ஏமாற்றி அமெரிக்கத் தூதரகத்தில் தஞ்சம் புகுந்தனர். ‘புல்காசாரி’யிலிருந்து ஷின்னின் பெயர் நீக்கப்பட்டது.

பிந்தைய காலம்

ஷின் விட்டுச்சென்ற தாக்கம் அவர் பெயரோடு அழியவில்லை. கிம் கில்-இன் இயக்கிய சண்டைப்படம் ‘ஹோங் கில்-டோங்’ (1986) அந்த உற்சாகத்திலேயே பிறந்தது. நகரத்துக்கு ஓடிப்போன காதலனையும் கிராமத்தைப் பற்றிக்கொண்டு நிற்கும் பெண்ணையும் காட்டிய ‘டொராஜிப் பூ’ (1987), நடிகை ஓ மி-ரனுக்குப் புகழ் தந்தது. அணிசேரா நாடுகளின் படங்களுக்கான பியோங்யாங் விழா அதே 1987-இல் தொடங்கியது.

1990-களின் பஞ்சம் தயாரிப்பைச் சுருக்கியது. அதன் பின் வெளியுலகம் கவனித்த படங்கள் சிலவே: ஜங் இன்-ஹக்கின் ‘ஒரு பள்ளி மாணவியின் நாட்குறிப்பு’ 2007 இறுதியில் பிரான்சில் வெளியானது; பிரிட்டன், பெல்ஜியம் ஆகியவற்றுடனான கூட்டுத் தயாரிப்பான ‘தோழர் கிம் பறக்கிறாள்’ (2012), சர்க்கஸில் பறக்க விரும்பும் சுரங்கத் தொழிலாளியைப் பற்றியது. இதற்கிடையே தென்கொரியத் தொடர்களும் படங்களும் குறுந்தகடு வழியாகவும் யுஎஸ்பி வழியாகவும் எல்லை கடந்து வந்தன. அவற்றைப் பரப்புவோருக்கு மரண தண்டனை வரை விதிக்கும் சட்டம் 2020 டிசம்பரில் இயற்றப்பட்டது.

எதிர்த்திசையில் வடக்கின் படங்கள் தெற்கே போவதும் எளிதாக இல்லை. தேசியப் பாதுகாப்புச் சட்டம் அவற்றைத் தடுத்தே வந்தது. 2000 ஜூனில் இரு கொரியத் தலைவர்களும் சந்தித்த சில வாரங்களில், சியோல் திரையரங்குகளில் வெளியான முதல் வடகொரியப் படம் ‘புல்காசாரி’. கூட்டம் அதிகம் சேரவில்லை. அதற்கு முன்பே சியோலுக்குத் திரும்பி வாழ்ந்துகொண்டிருந்த ஷின் 2006-இலும், சோய் 2018-இலும் அதே நகரில் மறைந்தனர்.