புயலா, வசந்தமா?

1967-ஆம் ஆண்டு. சென்னை மாநிலத்தின் முதலமைச்சராக அறிஞர் அண்ணா அமர்ந்து ஆறு திங்கள் ஆகியிருந்தன. பெரியாரின் 89-ஆவது பிறந்தநாளையொட்டி ‘விடுதலை’ மலருக்குக் கட்டுரையொன்று தந்தார். தலைப்பு, ‘அந்த வசந்தம்’. கோட்டையில் கொலுவிருந்த நாட்களை அவர் வசந்தம் என்றாரில்லை. பெரியாரோடு பட்டிதொட்டியெல்லாம் சுற்றித் திரிந்த தம் இளமைக் காலத்துக்கே அந்தப் பெயரைச் சூட்டினார்.

வசந்தமா அது? வரலாற்றைப் புரட்டுகிறோம், புயலல்லவா தெரிகிறது! 1929-இல் அமெரிக்கப் பங்குச் சந்தை சரிந்தது. உலகெங்கும் வாணிபம் படுத்தது. தமிழகத்தில் நெல் விலை வீழ்ந்தது. உழவன் மடியில் காசில்லையேல், நெசவாளன் நெய்த சேலையை வாங்குவார் யார்? 1933-இல் ஜெர்மனி இட்லரின் பிடியில் சிக்கிற்று. அப்படிப்பட்ட பத்தாண்டு அது.

காஞ்சியோ கோபுரங்களின் நகரம். ஆண்டவனுக்குப் பட்டுப் பீதாம்பரம். அதை நெய்தவனுக்குத் தறிக்குழி! அந்நகரில் நெசவாளர் குடும்பத்தில் 1909 செப்டம்பர் 15-இல் பிறந்தவர் அண்ணா. வறுமை வழிமறித்தது. நகராட்சி அலுவலகத்தில் எழுத்தராகச் சில காலம் உழைத்த பின்னரே பச்சையப்பன் கல்லூரியின் படியேறினார். அதே காஞ்சியில்தான் 1925 நவம்பரில், வகுப்புவாரி உரிமைத் தீர்மானத்துக்குக் காங்கிரசு மாநாட்டில் இடமில்லை என்றதும் பெரியார் வெளியேறினார். அடுத்த நான்காம் ஆண்டு, அண்டை ஊராம் செங்கற்பட்டில், முதல் சுயமரியாதை மாகாண மாநாடு கூடிச் சாதிப் பட்டங்களைத் துறக்கச் சொல்லிற்று. பெண்ணுக்கும் சொத்துரிமை வேண்டுமென்றது.

1934-இல் திருப்பூர் இளைஞர் மாநாட்டில் பெரியாரை அண்ணா சந்தித்தார். என்ன செய்யப்போகிறாய் என்பது பெரியவரின் கேள்வி. உத்தியோகத்தில் நாட்டமில்லை, பொதுவாழ்வே விருப்பம் என்பது இளைஞரின் விடை. பட்டம் பெற்றவர்க்குச் சர்க்கார் வேலை சொர்க்கவாசலாகத் தோன்றிய நாளில், இல்லாக் குடும்பத்துப் பிள்ளை சொன்ன விடை அது!

அந்த விடைக்குக் கிடைத்த பரிசென்ன? சென்னை மாநகராட்சித் தேர்தலில் தோல்வி. 1937-இல் நீதிக்கட்சிக்கே பெருந்தோல்வி. பள்ளிகளில் கட்டாய இந்தி வரக்கண்டு 1938 பிப்ரவரி 27-இல் காஞ்சியில் எதிர்ப்பு மாநாடு கூடிற்று, கிளர்ச்சி மூண்டது, அண்ணாவுக்கு நான்கு திங்கள் சிறை. 1939-இல் நடராசனும் தாலமுத்துவும் சிறைப்பட்ட நிலையில் உயிர்நீத்தனர். 1940 பிப்ரவரியில்தான் கட்டாய இந்தி ஆணை திரும்பப் பெறப்பட்டது.

கடந்துபோனதெல்லாம் நினைவில் இனிக்கும், முதுமையின் மயக்கம் அது என்பர் சிலர். நாம் ஒப்புவதற்கில்லை. 1949-இல் பெரியாரைப் பிரிந்தவர் அண்ணா. பதினெட்டு ஆண்டுகள் இருபுறமும் கடுஞ்சொற்கள் பறந்தன. மயக்கத்தைக் கலைக்க அந்தக் கசப்பொன்றே போதுமே! போதவில்லையெனில், அந்த இனிமைக்கு ஆழ்ந்த காரணம் இருந்தாக வேண்டும்.

காரணத்தை அவருடைய ஆட்சியே காட்டுகிறது. புரோகிதரின்றி நடந்த சுயமரியாதைத் திருமணங்கள் செல்லாதவை எனச் சட்டம் ஒதுக்கி வைத்திருந்தது; 1967-இல் அவை செல்லும் என்று சட்டமியற்றினார். அதே ஆண்டு ஜூலை 18-இல் மாநிலத்துக்குத் ‘தமிழ்நாடு’ எனப் பெயரிடும் தீர்மானத்தைச் சட்டமன்றத்தில் நிறைவேற்றினார். 1968 ஜனவரி 23-இல் தமிழும் ஆங்கிலமும் போதும் என்ற இருமொழிக் கொள்கை பிறந்தது. கோட்டையில் பழுத்த கனிகள் இவை. ஆனால் பூத்தது எங்கே? தோல்வியும் சிறையும் மலிந்த அந்தப் பத்தாண்டில்! பூக்கும் பருவத்தை வசந்தம் என்னாமல் வேறென்ன என்பது?

1969 பிப்ரவரி 3-இல் அவர் மறைந்தார். அறுபதைக் காணாத வாழ்வு.

இளைஞரே, ஊதியம் வேண்டாமென்று நாம் உபதேசிக்கவில்லை. நாமும் பட்டம் பெற்று, வகுப்பறையில் நின்று ஊதியம் பெறுகிறவர்தாம். ஆனால் காலம் சரியில்லை, நிலைமை தெளியட்டும், பிறகு பார்ப்போம் என்று கைகட்டி நிற்பவர்க்கு அந்தப் பத்தாண்டு விடை கூறுகிறது. காலம் தெளிந்த பிறகு அண்ணா களம் புகுந்தாரில்லை. சாதி இன்னும் சாகவில்லை. அறியாமை அலைபேசியிலேறி ஊர்வலம் வருகிறது. நமக்கும் 58 வயது வரும். அன்று திரும்பிப் பார்க்கையில், வசந்தமென்று சுட்டுவதற்கு நம்மிடம் எந்த ஆண்டு இருக்கும்?