ஸ்டெப்னி இல்லாத ராத்திரி

போன பொங்கலுக்கு அக்கா மகன் சென்னையிலிருந்து புதுக் காரில் வந்தான். மூட்டை முடிச்சு இறக்கும்போது டிக்கியின் அடிப்பலகையைத் தூக்கிப் பார்த்தேன். பழைய பழக்கம். ஸ்டெப்னி இருக்க வேண்டிய குழியில் காத்தடிக்கிற சின்ன மிஷினும் ஒரு பாட்டிலும்தான் கிடந்தது.

"என்ன மாப்ளே, ஸ்டெப்னிய எங்க?"

"இப்ப வர்ற சில வண்டில ஸ்டெப்னியே கிடையாது மாமா. பஞ்சர் ஆச்சுன்னா இந்த மருந்த உள்ள விட்டு, காத்தடிச்சுக்கிட்டுப் போக வேண்டியதுதான்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இவன் பிறந்த ராத்திரி, ஸ்டெப்னி இல்லாத ஒரு அம்பாசடர் எங்களை நடுரோட்டில் நிறுத்தியது. அந்தக் கதையை அவனுக்குச் சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன். ஆனால் அதற்கு முன்னால், நாம் தினமும் சொல்கிற 'ஸ்டெப்னி' என்கிற வார்த்தையின் கதையைக் கேட்டுவிடுங்கள். அது தெரிந்தால்தான் அன்னிக்கு நாங்கள் எந்தக் காலத்துக்குப் போய் மாட்டிக்கொண்டோம் என்று புரியும்.

முதல் கார்களுக்குப் பஞ்சர் என்கிற தொல்லையே இல்லை. 1888 ஆகஸ்டில் ஜெர்மனியில் பெர்த்தா பென்ஸ் என்கிற அம்மா, புருஷனுக்குத் தெரியாமல் அவர் செய்த மோட்டார் வண்டியை எடுத்துக்கொண்டு, ரெண்டு பையன்களோடு மான்ஹைமிலிருந்து அம்மா வீடு இருக்கிற ஃபோர்ட்ஸ்ஹைமுக்குக் கிளம்பினார். நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல். வழியில் எரிபொருள் தீர்ந்தது, மருந்துக் கடையில் வாங்கி ஊற்றினார். குழாய் அடைத்தது, தொப்பி ஊசியால் குத்திச் சரி செய்தார். எல்லாத் தொல்லையும் வந்தது, பஞ்சர் மட்டும் வரவில்லை. காரணம், காருக்குக் காத்து டயர் இன்னும் வரவே இல்லை.

காத்து டயர் யோசனை அதைவிடப் பழசு. ராபர்ட் வில்லியம் தாம்சன் என்கிற ஸ்காட்லாந்துக்காரர் 1845-லேயே அதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். குதிரை வண்டிகளில் மாட்டியும் காட்டினார். வாங்க ஆள் இல்லாமல் மறந்து போனது. பிறகு பெல்ஃபாஸ்டில் இருந்த மாட்டு வைத்தியர் ஜான் பாய்ட் டன்லப், தன் பையனின் மூன்று சக்கர சைக்கிளுக்காக அதையே புதுசாகக் கண்டுபிடித்து, 1888 டிசம்பரில் காப்புரிமை எடுத்தார். முன்னால் ஒருத்தர் செய்தது தெரிய வந்ததும் அந்த உரிமை செல்லாமல் போனது. ஆனால் உலகம் டன்லப் பேரைத்தான் பிடித்துக்கொண்டது.

டன்லப் டயரில் ஒரு சிக்கல். அதை ரிம்மோடு சேர்த்து ஒட்டிவிடுவார்கள். பஞ்சர் ஆனால் பிரிக்க மணிக்கணக்கு, ஒட்டினது காய ஒரு ராத்திரி. பிரான்சில் கிளெர்மோன்-ஃபெரான் ஊரில் ரப்பர் பட்டறை வைத்திருந்த மிஷ்லேன் அண்ணன் தம்பிகளிடம் 1889-ல் அப்படி ஒரு சைக்கிள் வந்து சேர்ந்தது. பாடுபட்டுச் சரி செய்தார்கள், கொஞ்ச தூரத்திலேயே மறுபடி காத்து போனது. 'டயர் நல்ல சரக்குதான், கழற்றி மாட்டுகிற மாதிரி இருந்தால் போதும்' என்று அவர்களுக்குத் தோன்றியது. 1891-ல் கழற்றக்கூடிய டயர் வந்தது. அந்த வருஷமே அதைப் போட்டுக்கொண்டு ஷார்ல் தெரோன் பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ் சைக்கிள் பந்தயத்தை ஜெயித்தார்.

அதே சகோதரர்கள் 1895-ல் பாரிஸ்-போர்தோ-பாரிஸ் கார் பந்தயத்தில் காத்து டயர் போட்ட கார் ஒன்றை ஓட்டினார்கள். வழி நெடுக பஞ்சர். கொண்டுபோன ட்யூப் எல்லாம் தீர்கிற அளவுக்குப் பஞ்சர். முதலில் வந்த எமில் லெவாசோரின் காரில் இருந்தது கெட்டி ரப்பர். பார்த்தவர்கள் காத்து டயரைக் கேலி பேசியிருப்பார்கள். ஆனாலும் குலுங்காமல் போகிற சுகத்தை ஒருதடவை கண்டவன் திரும்ப கெட்டிச் சக்கரத்தில் உட்காருவானா? கட்டை வண்டியிலும் டயர் வண்டியிலும் போனவர்களைக் கேளுங்கள், சொல்வார்கள். சொகுசுக்கு விலை பஞ்சர்.

அந்த விலையை அன்றைய டிரைவர்கள் ரோட்டிலேயே கொடுத்தார்கள். ரோடு முழுக்கக் குதிரை லாட ஆணி. சக்கரத்தைக் காரிலிருந்து கழற்றவும் முடியாது, அச்சோடு மாட்டியபடியே இருக்கும். ஜாக்கி வைத்துத் தூக்கி, லிவர் போட்டு டயரை நெம்பி, ட்யூபை உருவி, ஓட்டையைக் கண்டுபிடித்து, ஒட்டி, திரும்ப மாட்டி, கைப்பம்பால் காத்தடிக்க வேண்டும். மழையோ வெயிலோ, அங்கேயேதான். எதுவும் கைகொடுக்காவிட்டால் டயருக்குள் புல்லையோ வைக்கோலையோ கந்தல் துணியையோ திணித்து உருட்டிக்கொண்டு போவார்கள். டயரே கிழிந்துபோனால் ரிம்மில் கயிறு சுற்றி ஓட்டினவர்களும் உண்டு.

இந்தப் பாட்டுக்கு முடிவு கட்டியது வேல்ஸ் நாட்டில் லனெல்லி என்கிற சின்ன ஊர். அங்கே இரும்புச் சாமான் வியாபாரம் செய்த டேவிஸ் சகோதரர்கள் 1904-ல் ஒரு சக்கரம் செய்தார்கள். ஆரக்கால் இல்லாத வெறும் ரிம், அதில் முன்கூட்டியே காத்தடித்த டயர். பஞ்சரான சக்கரத்தைக் கழற்ற வேண்டாம், அதன் பக்கத்திலேயே இதை வைத்துக் கொக்கியால் இறுக்கிக்கொண்டு வீடு போய்ச் சேரலாம். அவர்கள் கடை இருந்த தெருவின் பேர் ஸ்டெப்னி தெரு. சாமானுக்கும் அதே பேர் வைத்தார்கள். லண்டன் டாக்சிகளில் ஏறியது, கப்பலேறி நம்ம நாட்டுக்கும் வந்தது.

அந்தச் சாமானுக்கு ஆயுசு கம்மி. 1906-ல் லெ மான் பக்கம் நடந்த முதல் கிராண்ட் பிரீ பந்தயத்தில், டயரோடு சேர்த்துக் கழற்றுகிற ரிம்மை மாட்டிக்கொண்டு ரெனோ காரில் ஃபெரென்க் சிஸ் ஜெயித்தார். மற்றவர்கள் பழைய டயரை அறுத்து எறிந்து புதுசு மாட்டக் கால் மணி நேரம் போராடும்போது, இவர் நாலு நிமிஷத்துக்குள் ரிம்மை மாற்றிவிட்டுக் கிளம்பினார். அதற்கப்புறம் முழுச் சக்கரத்தையே கழற்றுகிற ஏற்பாடு வந்தது. காரில் ஐந்தாவது சக்கரம் ஒன்று நிரந்தரமாக ஏறி உட்கார்ந்துகொண்டது. ஸ்டெப்னி கம்பெனியின் சக்கரம் மறைந்துபோனது. இன்னிக்கு இங்கிலாந்தில் போய் ஸ்டெப்னி என்றால் லண்டனில் ஒரு பேட்டையைக் காட்டுவார்கள். நம்ம ஊர்ப் பஞ்சர் கடையிலோ அந்தப் பேர் இன்னும் நடமாடுகிறது. மால்டாவிலும், உச்சரிப்பு மாறிப் பிரேசிலிலும்கூட இருக்கிறதாம்.

எல்லாருக்கும் உடனே ஐந்தாவது சக்கரம் கிடைத்துவிடவில்லை. அமெரிக்காவில் கோடிக்கு மேல் விற்ற ஃபோர்டு மாடல் டி-யில் ரொம்ப வருஷம் அது கிடையாது. முன் டயர் ஒரு அளவு, பின் டயர் ஒரு அளவு வேற. கழற்றுகிற ரிம் அதற்கு வந்ததே 1919-ல்தான். அதை வாங்கிய குடியானவர்கள் லிவரும் ஒட்டுத் துண்டும் பம்பும் இல்லாமல் வீட்டைவிட்டுக் கிளம்பியிருக்க மாட்டார்கள். வண்டி வைத்திருந்தவனுக்கெல்லாம் டயர் பிரிக்கத் தெரிந்திருந்தது. எனக்கு இதில் முக்கியமாகப் படுவது ஒன்றுதான். ஸ்டெப்னி பஞ்சரை ஒழிக்கவில்லை. 'இப்பவே செய்' என்றிருந்த வேலையை 'நாளைக்குக் கடையில் பார்த்துக்கலாம்' என்று தள்ளிவைக்க வழி செய்தது. தள்ளிவைக்கத் தள்ளிவைக்க, வேலை நமக்கு மறந்தும் போனது.

இனி அந்த ராத்திரிக்கு வருகிறேன்.

1994 கார்த்திகை மாசம். அடைமழை விட்டு ரெண்டு நாள் ஆகியிருந்தது. ராத்திரி பத்து மணிக்கு அக்காவுக்கு வலி எடுத்தது. டவுன் ஆஸ்பத்திரி பதினொரு கிலோமீட்டர். பக்கத்துத் தெருவில் வாடகைக்கு ஓடிய அம்பாசடரை எழுப்பிக்கொண்டு வந்தோம். அக்காவும் அம்மாவும் பின்னால், நான் முன்னால். ரெண்டு கிலோமீட்டர்கூடப் போகவில்லை, ஆற்றங்கரை ரோட்டில் வண்டி ஒரு பக்கமாக இழுத்தது. டிரைவர் அண்ணன் அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டார். பின் சக்கரம் தரையோடு தரையாக உட்கார்ந்திருந்தது.

"ஸ்டெப்னிய மாட்டுங்கண்ணே" என்றேன்.

அவர் டிக்கியைத் திறக்கவே இல்லை. "ரீட்ரேடிங்குக்குக் கொடுத்திருக்கேன் தம்பி, நாளைக்குத்தான் வரும்" என்றார். அவர் குரல் போன போக்கு இன்னும் காதில் இருக்கிறது.

"அப்படியே உருட்டிக்கிட்டுப் போயிரலாமா?" என்று அம்மா கேட்டது. அவர் தலையாட்டிவிட்டார். "ட்யூபு நார்நாராப் போயிடும்மா. அப்புறம் ஒட்டவும் முடியாது."

நல்லவேளை, பக்கத்திலேயே ஒரு சின்ன ஊர். அங்கே ஒரு பெரியவர் சத்தம் கேட்டு எழுந்து வந்தார். பேச்சே இல்லை, மாட்டைப் பூட்டினார். வண்டியில் வைக்கோலைப் பரப்பி, மேலே ஜமுக்காளம் போட்டு அக்காவைப் படுக்கவைத்தோம். அம்மா கூட ஏறிக்கொண்டது. இரும்புப் பட்டை போட்ட கட்டை வண்டி. ஒவ்வொரு குழிக்கும் அக்கா கத்துவது இருட்டில் கேட்டுக்கொண்டே தூரமாகப் போனது. பஞ்சர் ஆகாத சக்கரம்தான். ஆனால் அந்த வேகத்தில் டவுனுக்குப் போக ரெண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

அங்கே ஒரு சைக்கிள் கடை. கடைக்காரர் கடைக்குப் பின்னாலேயே குடியிருந்தார். அரிக்கேன் விளக்கு, சொல்யூஷன், உப்புத்தாள், பம்பு எல்லாம் எடுத்து வந்தார். ஜாக்கி வைத்துச் சக்கரத்தைக் கழற்றினோம். டயர் ரிம்மைவிட்டு அசையவில்லை. மூணு பேரும் அதன் மேல் ஏறி மிதித்து, கடப்பாரையால் அழுத்தி, ஒரு வழியாக உதடு பிரிந்தது. ட்யூபை உருவி, தொட்டித் தண்ணியில் முக்கினதும் குமிழி வந்தது. டிரைவர் அண்ணன் கையில் துணியைச் சுற்றிக்கொண்டு டயரின் உள்பக்கம் தடவித் தடவிப் பார்த்து, குத்தினதைப் பிடுங்கினார். மாட்டு லாட ஆணி. அதைப் பிடுங்காமல் ஒட்டி மாட்டியிருந்தால் நூறு அடியில் மறுபடி உட்கார்ந்திருப்போம்.

உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவினார் கடைக்காரர். நான் உடனே ஒட்டச் சொன்னேன். "அவசரப்படாத தம்பி, ஈரத்துல ஒட்டினா நிக்காது" என்று அஞ்சு நிமிஷம் காயவிட்டார். என் ஆயுசில் நீளமான அஞ்சு நிமிஷம் அதுதான். பிறகு ட்யூபில் கொஞ்சம் காத்து வைத்து உள்ளே தள்ளினார்கள். காத்தே இல்லாமல் தள்ளினால் மடங்கி, லிவரில் கடிபட்டு இன்னொரு ஓட்டை விழுமாம். அப்புறம் சைக்கிள் பம்பு. மூணு பேரும் மாற்றி மாற்றி அடித்தோம். முன்னூறு வரைக்கும் எண்ணினேன், அதற்கப்புறம் எண்ணவில்லை.

மொத்தம் ஐம்பது நிமிஷம் ஆகியிருக்கும். அரைகுறைக் காத்தோடு மெதுவாக ஓட்டிப் போய், மூணு கிலோமீட்டர் தாண்டி மாட்டு வண்டியைப் பிடித்தோம். அக்காவைக் காருக்கு மாற்றினோம். பெரியவரிடம் காசு நீட்டினேன். வாங்கவில்லை. விடிகிற நேரத்தில் பையன் பிறந்தான். நர்ஸம்மா சொன்னது, இன்னும் ஒரு மணி நேரம் தாமதம் ஆகியிருந்தால் கஷ்டம் என்று.

அந்த ஐம்பது நிமிஷமும் நாங்கள் 1903-ல் இருந்தோம் என்பது பின்னால் இந்தக் கதையெல்லாம் படித்தபோதுதான் தெரிந்தது. அதே ஆணி, அதே லிவர், அதே கைப்பம்பு.

இப்போது சட்டமே மாறிவிட்டது. ட்யூப் இல்லாத டயர், காத்து குறைந்தால் காட்டிக்கொடுக்கும் கருவி, ஒட்டுகிற சாமான் இந்த மூணும் இருந்தால் கார்களுக்கு ஸ்டெப்னி கட்டாயமில்லை என்று 2020-ல் மத்திய அரசு சொல்லிவிட்டது. அக்கா மகன் கார் அந்த ரகம். ஆனால் நகரத்தில் இருக்கிற உங்களில் சிலர், தாத்தாவின் அம்பாசடரையோ ஃபியட்டையோ ஆசையாகப் புதுப்பித்து வைத்திருக்கிறீர்கள். அதெல்லாம் ட்யூப் வண்டி. புது வண்டியின் பாட்டில் மருந்தை நம்பி அதில் கிளம்பாதீர்கள். ஸ்டெப்னி இருந்தாலும் அதில் காத்து இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் ஒரு ட்யூப், ரெண்டு லிவர், ஒட்டுச் சாமான், பம்பு இவ்வளவும் டிக்கியில் கிடக்கட்டும். வண்டி ஒரு பக்கம் இழுத்தால், பத்தடிகூட உருட்டாமல் நிறுத்துங்கள்.

கதையைக் கேட்டு முடித்ததும் அக்கா மகன் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலையில் வந்து, "மாமா, டிராக்டர் ட்யூப் ஒண்ணு பஞ்சரா கிடக்குன்னீங்களே, எப்படி ஒட்டுறதுன்னு காட்டுங்க" என்றான். உப்புத்தாளை எடுத்துக் கொடுத்தேன். சொல்யூஷன் தடவினதும் உடனே ஒட்டப் போனான்.

"அவசரப்படாத மாப்ளே" என்றேன். "காயட்டும்."