வாரம் ஐந்து குளியல்: பேத் ஆய்வு குறித்து ஒரு மறுவாசிப்பு

குழந்தைகளின் எக்சிமாவுக்காகக் குளியல் நீரில் மென்மையூட்டி எண்ணெய் கலப்பது வீண் செலவு என்ற கருத்து இன்று ஏறத்தாழ முடிந்த வழக்காகிவிட்டது. 2018இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியான பேத் ஆய்வுதான் அதற்கு ஆதாரம். ஆய்வில் எனக்குக் குறையில்லை. அதை வாசித்த விதத்தில்தான் உண்டு.

வேல்ஸிலும் இங்கிலாந்தின் மேற்கு, தெற்குப் பகுதிகளிலும் 1 முதல் 11 வயது வரையிலான 483 குழந்தைகள் இதில் சேர்ந்தனர். ஒரு பிரிவினர் ஓராண்டு குளியல் எண்ணெயைப் பயன்படுத்தினர்; மறு பிரிவினர் பயன்படுத்தவில்லை. மேலே பூசும் களிம்புகள் இரு பிரிவுக்கும் வழக்கம்போலத் தொடர்ந்தன. எக்சிமாவின் கடுமையைக் கணக்கிடும், 28 புள்ளிகள் கொண்ட போயம் அளவையில் (எண் கூடினால் நோயும் கூடுதல்) 16 வாரச் சராசரி முறையே 7.5, 8.4. பிற காரணிகளைச் சரிசெய்தபின் வேறுபாடு 0.41தான். நோயாளிக்குப் பொருள்படும் மாற்றமென்றால் 3 புள்ளியாவது வேண்டும். இதுவரை மறுப்பில்லை. குளியல் எண்ணெய்க்கென ஆண்டுக்கு 2.3 கோடி பவுண்டுக்கு மேல் செலவிட்டுவந்த பிரிட்டனின் தேசிய சுகாதாரச் சேவைக்கு இது கசக்கும் செய்தியும் அல்ல.

வாரத்துக்கு ஐந்து முறையோ அதற்கு மேலோ குளித்த குழந்தைகளிடம்தான் கணக்கு மாறுகிறது. அங்கே எண்ணெய்க்குச் சாதகமாக 2.27 புள்ளி வேறுபாடு. 95 விழுக்காட்டு நம்பக இடைவெளி 0.63 முதல் 3.91 வரை. 2.27 மூன்றைத் தொடவில்லை, ஆகவே பொருட்படுத்த வேண்டாம் என்று கடந்துபோகிறார்கள். இடைவெளியின் மேல்முனை மூன்றைத் தாண்டுவதை யாரும் நின்று பார்ப்பதில்லை. பயனில்லை என்று நிறுவுவது வேறு; பயனை மறுக்க இயலாமல் நிற்பது வேறு. துணைப்பிரிவுக் கணக்கை வைத்து மருந்துச்சீட்டு எழுதக் கூடாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே கணக்கை வைத்து வழக்கை மூடவும் கூடாது. யார் எதைப் பயன்படுத்தினார்கள் என்பது பெற்றோருக்குத் தெரியும், அந்த எதிர்பார்ப்பே வேறுபாட்டைக் கூட்டியிருக்கலாம் என்பார்கள். அப்படியானால் மொத்தக் கணக்கில் அது ஏன் 0.41இலேயே அடங்கிவிட்டது?

நாள்தோறும் குளிப்பதே வழக்கமான தமிழ்நாட்டுக்கு இந்த முடிவை அப்படியே எடுத்துவருவது அதனால்தான் தவறு. எதிர்த்திசையிலும் ஒரு தடை உண்டு. அங்கே எண்ணெய் கலந்தது குழந்தை அமிழ்ந்திருக்கும் தொட்டி நீரில். நம் வீடுகளில் வாளியிலிருந்து மொண்டு ஊற்றுகிறோம். தோலில் எவ்வளவு தங்கும், சாக்கடைக்கு எவ்வளவு போகும் என்பதற்குப் பேத்தில் விடை தேட முடியாது. அந்த ஆய்வின் கேள்வியே அதுவல்ல. தலையில் நல்லெண்ணெய் தேய்த்துக் குளிப்பதற்கும் இதற்கும் தொடர்பில்லை என்பதையும், கேட்கப்போகிறவர்களுக்காக, இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

அடுத்த சோதனை வாளிக் குளியல் உள்ள ஊரில், குளிக்கும் எண்ணிக்கையை முதலிலேயே பிரித்துக்கொண்டு நடக்க வேண்டும். அதுவரை எண்ணெய்ப் புட்டியை வாங்கலாமா வேண்டாமா என்று வாதாடலாம். குளித்த ஈரம் காயுமுன் பூசும் களிம்பையும், தோல் சிவந்து அரிக்கும் நாட்களில் மருத்துவர் சொன்ன ஸ்டீராய்டையும் மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.