ட்ரொக்பாவும் யுத்தமும்: ஒரு வழுத்திருத்தம்



சென்ற மாதம் விளையாட்டு நிகழ்ச்சியின் முடிவில் எனக்கு மூன்று நிமிடம் மிஞ்சியிருந்தது. அதை நிரப்புவதற்காக டிடியே ட்ரொக்பாவைப் பற்றி நாலு வார்த்தை சொன்னேன். "ஒரு உதைபந்தாட்ட வீரர் தன் நாட்டின் யுத்தத்தையே நிறுத்தினார்" என்று முடித்துவிட்டுப் பாட்டையும் போட்டுவிட்டேன். இரண்டு மூன்று நேயர்கள் தொலைபேசியில் பாராட்டினார்கள். எனக்கும் உள்ளூரச் சந்தோஷம்தான்.

திங்கட்கிழமை அலுவலகத்தில், என்னோடு வேலை செய்யும் ஐவரி கோஸ்ட் நண்பரிடம் இதைப் பெருமையாகச் சொன்னேன். அவர் போவாக்கே நகரத்துக்காரர். கோபிக்கவில்லை, சிரித்தார். பிறகு மெதுவாக ஒரு கேள்வி கேட்டார். "அப்படியென்றால் 2011இல் என் அக்கா பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு வீட்டைவிட்டு ஓடினாளே, அது என்ன?"

எனக்குப் பதில் இல்லை. முப்பது வருடமாகக் கணக்கு எழுதுகிறவன் நான். பேரேட்டில் ஒரு பதிவு பிழைத்தால் அழித்து எழுதக்கூடாது, வழுத்திருத்தப் பதிவு போடவேண்டும் என்று எங்களுக்குப் படிப்பித்தார்கள். ஆகவே இந்த மாதப் பேச்சு முழுவதும் அந்த ஒரு வரிக்கான திருத்தம்.

ட்ரொக்பா பிறந்தது 1978 மார்ச் 11ஆம் திகதி, அபிஜான் நகரில். ஐந்து வயதில் அவரை விமானத்தில் ஏற்றிப் பிரான்சிலிருந்த மாமாவிடம் அனுப்பினார்கள். மாமா மிஷேல் கோபா அங்கே தொழில்முறை உதைபந்தாட்டக்காரர். பிள்ளைக்கு வீட்டு ஏக்கம் தாங்கவில்லை, மூன்று வருடத்தில் திரும்பி வந்துவிட்டான். சில காலத்தில் தாய், தகப்பன் இருவருக்கும் வேலை போனது. மறுபடியும் மாமாவிடம். 1991இல் பெற்றோரும் பிரான்சுக்கு வந்தார்கள். பிறகு பாரிஸ் நகருக்கு வெளியே அந்தோனி என்ற இடத்தில்தான் குடும்பம் ஒன்றுசேர்ந்தது. இந்தக் கதையை நான் விளக்கத் தேவையில்லை. ஒரு பிள்ளையை முன்னாலே அனுப்பி, பிறகு ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்த வீடுகள் எங்கள் தெருவிலேயே எத்தனை!

பதினைந்து வயதில் லெவலுவா என்ற சிறிய கழகத்தில் விளையாடத் தொடங்கினார். 1997இல் லு மான் நகரத்துக்குப் போனார். அங்கே விளையாட்டோடு பல்கலைக்கழகத்தில் என்ன படித்தார் தெரியுமா? கணக்கியல்! இதை அறிந்தபோது எனக்கு ஏற்பட்ட சொந்தபந்த உணர்வை நீங்கள் மன்னிக்கவேண்டும். காயங்கள் மாறிமாறி வந்தன. தொழில்முறை ஒப்பந்தத்தில் அவர் முதன்முதலில் கையொப்பம் இட்டபோது வயது 21. ஐரோப்பாவில் பெரிய வீரர்களாக வருகிறவர்கள் பதினேழு, பதினெட்டு வயதிலேயே கழகத்தின் முதல் அணியில் நிற்பார்கள். அந்த அளவுகோலில் இவர் பிந்தி வந்தவர்.

2002 ஜனவரியில் கெங்கோம் என்ற சிறு நகரத்துக் கழகம் அவரை வாங்கியது. அடுத்த பருவத்தில் பிரெஞ்சு முதற்பிரிவில் 17 கோல்கள். 2003இல் மார்சேய். அங்கே லீக் ஆட்டங்களில் 19 கோல்கள் அடித்து, யூ.ஈ.எஃப்.ஏ. கிண்ண இறுதியாட்டம் வரை அணியைக் கொண்டுபோனார். 2004 கோடையில் இங்கிலாந்தின் செல்சி 24 மில்லியன் பவுண் கொடுத்து வாங்கியது. முதல் ஒப்பந்தத்திலிருந்து ஐந்தே வருடம். அவர் சேர்ந்த முதல் பருவத்திலேயே செல்சி ஐம்பது வருடங்களுக்குப் பிறகு இங்கிலாந்தின் லீக் பட்டத்தை வென்றது.

இனி அவருடைய நாட்டுக்கு வருவோம். ஐவரி கோஸ்ட் உலகத்திலேயே அதிகமாகக் கொக்கோ விளைவிக்கும் நாடு. நாங்கள் தின்னும் சொக்லேட்டில் பெரும்பங்கு அந்த மண்ணிலிருந்து வருகிறது. கொக்கோத் தோட்டங்களில் வேலை செய்ய அயல்நாடுகளான புர்க்கினா பாசோ, மாலி ஆகியவற்றிலிருந்து பெருந்தொகையானோர் வந்து குடியேறினார்கள். நாடு செழிப்பாக இருந்தவரை யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை. 1993இல் நீண்டகால ஜனாதிபதி ஊஃபுவே-புவானி காலமானார். அதன் பின் "உண்மையான ஐவரியன் யார்?" என்ற கேள்வி அரசியலாகியது. வடக்கில் பரம்பரையாக வாழ்ந்தவர்களிடமும் பெயரைப் பார்த்து, நீ இந்த நாட்டவனா என்று கேட்டார்கள். 1948இல் மலையகத் தமிழரின் குடியுரிமை பறிபோன வரலாறு தெரிந்த எங்களுக்கு இது புதிய கதை அல்ல.

2002 பெப்ரவரியில் எங்கள் நாட்டில் போர்நிறுத்த ஒப்பந்தம் கைச்சாத்தானது. அதே ஆண்டு செப்டெம்பர் 19ஆம் திகதி அங்கே யுத்தம் வெடித்தது. வடக்கு கிளர்ச்சிப் படைகளின் கையில், தெற்கு ஜனாதிபதி லோரோன் பக்போவின் கையில். கிளர்ச்சியாளரின் தலைமையிடம் என் நண்பரின் ஊரான போவாக்கே.

இனி 2005 ஒக்டோபர் 8. உலகக் கிண்ணத் தகுதிகாண் சுற்றின் கடைசி நாள். சூடானின் ஓம்துர்மான் நகரில் ஐவரி கோஸ்ட் 3-1 என்று வென்றது. ஆனால் அது மட்டும் போதாது. எகிப்துடன் விளையாடிக்கொண்டிருந்த கமரூன் வென்றால் எல்லாம் வீண். கமரூனுக்குக் கடைசி நேரத்தில் ஒரு தண்ட உதை கிடைத்து, அது கோல் கம்பத்தில் பட்டுப் போனது. ஐவரி கோஸ்ட் முதன்முறையாக உலகக் கிண்ணத்துக்குத் தகுதி பெற்றது.

உடுப்பு மாற்றும் அறையில் ஒரே கொண்டாட்டம். தொலைக்காட்சிக் கமரா உள்ளே வந்தது. ட்ரொக்பா ஒலிவாங்கியை வாங்கினார். சுற்றிலும் வடக்கைச் சேர்ந்தவர்களும் தெற்கைச் சேர்ந்தவர்களுமாக அவருடைய அணியினர். நாங்கள் எல்லோரும் சேர்ந்து விளையாடி வெல்ல முடியுமென்றால் நீங்கள் சேர்ந்து வாழவும் முடியும், ஆயுதங்களைக் கீழே வையுங்கள், தேர்தலை நடத்துங்கள் என்று நாட்டு மக்களிடம் கேட்டார். கேட்கும்போது அணி முழுவதும் முழங்காலில் நின்றது. அந்தக் காட்சி அந்த நாட்டுத் தொலைக்காட்சியில் திரும்பத் திரும்பக் காட்டப்பட்டது.

என் பிழை இங்கேதான். அந்த ஒரு நிமிடத்தோடு துப்பாக்கிகள் ஓய்ந்தன என்று நான் சொல்லிவிட்டேன். உண்மையில் பெருஞ்சண்டை அதற்கு முன்பே தணிந்திருந்தது. 2003இலேயே பிரான்சில் ஒரு சமாதான உடன்படிக்கை கையெழுத்தானது. 2004 முதல் ஐ.நா. அமைதிப்படை நடுவில் நின்றது. அப்படியிருந்தும் அதே 2004 நவம்பரில் போவாக்கேயில் விமானக் குண்டு விழுந்தது. நாடு இரண்டாகப் பிளந்தபடியே கிடந்தது. அதை ஒட்டவைத்த உடன்படிக்கை 2007 மார்ச் 4ஆம் திகதி வாகடூகு நகரில் கையெழுத்தானது. ட்ரொக்பா பேசி அப்போது ஒன்றரை வருடம். பக்போ ஜனாதிபதியாகத் தொடர, கிளர்ச்சித் தலைவர் கியோம் சோரோ பிரதமரானார். யுத்தத்தில் களைத்தவர்களும், மேசையில் குந்தியிருந்து பேசியவர்களும், அயல்நாட்டு மத்தியஸ்தர்களும் சேர்ந்து செய்த வேலை அது. அதை ஒரு முன்கள வீரரின் கணக்கில் நான் வரவு வைத்தது தவறு.

அப்படியானால் அவர் கணக்கில் எதை வைப்பது? இதையும் என் நண்பரிடமே கேட்டேன். "போவாக்கேக்கு வந்தானே, அதை எழுது" என்றார்.

2006ஆம் ஆண்டுக்கான ஆபிரிக்காவின் சிறந்த வீரர் விருது ட்ரொக்பாவுக்குக் கிடைத்தது. அந்த விருதை எடுத்துக்கொண்டு 2007இல் போவாக்கேக்கே போனார். தெற்கைச் சேர்ந்தவர், அதிலும் ஜனாதிபதி பக்போவின் அதே பெத்தே இனத்தவர், கிளர்ச்சியாளரின் தலைநகருக்குள் போகிறார். அங்கே நின்றுகொண்டு, மடகஸ்காருக்கு எதிரான ஆபிரிக்கக் கிண்ணத் தகுதிகாண் ஆட்டம் இந்த ஊரில் நடக்கும் என்று அறிவித்தார். ஜூன் 3ஆம் திகதி அது நடந்தது. இரு தரப்பினரும் ஒரே அரங்கில் இருந்து தேசியகீதம் பாடினார்கள். ஐவரி கோஸ்ட் 5-0 என வென்றது. ஐந்தாவது கோல் ட்ரொக்பாவுடையது. அன்று தன் ஊரில் அயலட்டத்துக் கிழவிகளும் தெருவில் ஆடியதாக என் நண்பர் சொன்னார். "ஐந்து வருடமாக எங்களை யாரும் வந்து பார்க்கவில்லை. அவன் வந்தான்" என்றார்.

ஆனால் கணக்கு அதோடு முடியவில்லை. 2010 தேர்தலில் வத்தாரா வென்றார், பக்போ கதிரையை விட மறுத்தார். 2011 ஏப்ரல்வரை நடந்த வன்செயலில் ஏறத்தாழ 3,000 பேர் கொல்லப்பட்டார்கள். நண்பரின் அக்கா ஓடியது அப்போதுதான். அதன் பிறகு அமைக்கப்பட்ட உண்மை மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவில் ட்ரொக்பாவும் ஓர் உறுப்பினரானார்.

விளையாட்டிலும் அவருடைய ஐந்தொகையில் இரண்டு பக்கமும் நிறைந்திருந்தன. நாட்டுக்காக 105 ஆட்டங்களில் 65 கோல்கள். இருந்தும் 2006 ஆபிரிக்கக் கிண்ண இறுதியில் அவருடைய தண்ட உதை தவறியது, 2012 இறுதியிலும் தவறியது. இரண்டு முறையும் கிண்ணம் கைநழுவியது. 2008 சம்பியன்ஸ் லீக் இறுதியில் சிவப்பு அட்டை வாங்கி வெளியேறினார். நாலு வருடம் கழித்து, 2012 மே 19, மியூனிக் நகரில் மறுபடி இறுதியாட்டம். 88ஆவது நிமிடத்தில் மூலை உதையைத் தலையால் முட்டிச் சமப்படுத்தினார். மேலதிக நேரத்தில் எதிரணி வீரரைத் தடுக்கி ஒரு தண்ட உதையைக் கொடுத்தார், கோல் காப்பாளர் செக் அதைப் பிடித்துக் காப்பாற்றினார். கடைசியில் வெற்றிக்கான தண்ட உதையை அடித்தவரும் ட்ரொக்பாதான். செல்சிக்காக மொத்தம் 164 கோல்கள். 2014இல் அவர் தேசிய அணியிலிருந்து ஓய்வு பெற்றார். அடுத்த ஆண்டு, 2015 பெப்ரவரியில், அவர் இல்லாத அணி ஆபிரிக்கக் கிண்ணத்தை வென்றது!

அந்த வருடக் கோடையில் அவர் எங்கள் மொன்றியலுக்கே வந்து சேர்ந்தார், 37 வயதில். செப்டெம்பர் 5ஆம் திகதி மகனையும் கூட்டிக்கொண்டு டொலார்ட்-டெஸ்-ஓர்மோவிலிருந்து காரில் கோட்-வெர்த்து வரை போய், அங்கிருந்து மெத்ரோவில் வியோ நிலையத்தில் இறங்கி, சபூத்தோ அரங்குக்குப் போனோம். மொன்றியல் இம்பாக்ட் அணியில் அவர் ஆரம்பத்திலிருந்தே களம் இறங்கிய முதல் ஆட்டம். சிக்காகோவுக்கு எதிராக மூன்று கோல்கள்! வட அமெரிக்க லீக்கில் முதன்முறை ஆரம்ப அணியில் இறங்கி மூன்று கோல் அடித்தவர் அதற்கு முன் எவருமில்லை. என் மகன் கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கொண்டான். முன் வரிசையில் செம்மஞ்சள் சட்டையோடு ஓர் ஐவரியன் குடும்பம் அழுதுகொண்டிருந்தது. ஒரு கோலுக்கு இப்படியும் அழுவார்களா என்று அன்று நினைத்தேன். இப்போது விளங்குகிறது.

இங்கும் எல்லாம் இனிமையாக முடியவில்லை. 2016 ஒக்டோபரில், ஆரம்ப அணியில் இல்லை என்றதும், மாற்று வீரராக இருக்கமாட்டேன் என்று ஓர் ஆட்டத்துக்கு வராமல் விட்டார். அந்த ஆண்டோடு போய்விட்டார். 2018இல் ஓய்வு. 2022இல் தன் நாட்டு உதைபந்தாட்டச் சம்மேளனத் தலைவர் பதவிக்குப் போட்டியிட்டு, முதற்சுற்றிலேயே தோற்றார். யுத்தத்தை நிறுத்தியவர் என்று உலகம் சொன்ன மனிதருக்கு அவருடைய சொந்தச் சம்மேளனம் வாக்குப் போடவில்லை.

ஆகவே என் திருத்தப் பதிவு இது. ட்ரொக்பா யுத்தத்தை நிறுத்தவில்லை. கோல் அடித்துச் சேர்த்த பெயரை, நாடு முழுவதும் தன்னைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு நாளில், சமாதானம் கேட்பதற்குச் செலவழித்தார். பிறகு, யாரும் போகாத ஊருக்குத் தானே போனார். எந்தத் தரப்பும் தன்னவன் என்று உரிமை கொண்டாடக்கூடிய ஒருவர் மறுதரப்பின் வாசலுக்குப் போவது சின்ன விடயமல்ல. எங்கள் யுத்தகாலத்தில் அப்படி ஒருவர் வந்து எங்கள் வாசலில் நின்றிருந்தால் என்று நான் பலநாள் யோசித்திருக்கிறேன். யுத்தம் அதனால் நின்றிருக்காது. ஆனால் அவரை நாங்கள் மறந்திருக்கவும் மாட்டோம்.

2024 பெப்ரவரி 3ஆம் திகதி அதே போவாக்கேயில், அமைதி அரங்கு என்று பெயருள்ள மைதானத்தில், ஆபிரிக்கக் கிண்ணக் காலிறுதி. ஐவரி கோஸ்ட் அயல்நாடான மாலியுடன் மோதியது. பத்துப் பேராகக் குறைந்துபோன ஐவரி கோஸ்ட் மேலதிக நேரத்தின் கடைசிக் கணத்தில் கோல் அடித்து வென்றது. அடுத்த வாரம் கிண்ணத்தையும் எடுத்தது. அந்தக் காலிறுதியைப் பார்க்க என் நண்பர் என்னையும் வீட்டுக்கு அழைத்திருந்தார். அபிஜானிலிருந்து அவருடைய அக்கா தொலைபேசியில் இருந்தார். மூன்று பேரும் சேர்ந்து கத்தினோம்.

சென்ற மாதம் என் பேச்சைக் கேட்டவர்கள், அந்த வரியைத் தயவுசெய்து திருத்தி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த மாதம் மீண்டும் சந்திப்போம். வணக்கம்.