கண்ணுக்குப் புலப்படாத கசிவு

திருவனந்தபுரத்தில் சாலைக் கடைத்தெருவிலும் கரமனையிலும் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. அந்நகரத்து இல்லங்களுக்குக் குழாய் முதலில் கொண்டுவந்தது தண்ணீரையே. 1933-ஆம் ஆண்டில் அருவிக்கரையிலிருந்து கரமனையாற்று நீர் குழாய் வழியே நகரை அடைந்தது. இந்நூற்றாண்டின் மூன்றாம் பத்தாண்டில் இன்னொரு குழாய் அங்கே அடுக்களைக்குள் நுழையத் தொடங்கியிருக்கிறது. கடுங்குளிரில் திரவமாக்கப்பட்டு லாரிகளில் வரும் இயற்கை எரிவாயு, கொச்சுவேளி நிலையத்தில் மீண்டும் ஆவியாக்கப்பட்டு, இணைப்புப் பெற்ற வீடுகளுக்குச் செல்கிறது.

இவ்விரு குழாய்களுக்கும் ஒரு பெரும் வேற்றுமை உண்டு. நீர்க்குழாய் பழுதுற்றால் சுவர் நனையும், எவரும் அறிவர். எரிவாயுக் குழாய் பழுதுற்றால் கண்ணுக்கு ஒன்றும் தோன்றாது. அதன் நிலையை எவ்வாறு தேர்ந்தறிவது? இதற்கான விடையை உலகம் பெரும் துயரங்களின் வாயிலாகவே கற்றுக்கொண்டது.

இயற்கை எரிவாயுவுக்கு இயல்பாக மணம் இல்லை. 1937 மார்ச் 18 அன்று, அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் நியூ லண்டன் என்னும் ஊரில், ஒரு பள்ளியின் தரைக்கடியில் கசிந்து தேங்கிய வாயு தீப்பற்றி வெடித்தது. ஏறத்தாழ 300 பேர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் குழந்தைகள். அதன் பின்னரே வாயுவில் நாற்றமுள்ள பொருளைக் கலக்க வேண்டும் என்னும் சட்டம் அங்கே பிறந்தது. இன்று நம் மூக்குக்கு எட்டும் அந்த நாற்றம், அக்குழந்தைகள் விட்டுச்சென்ற எச்சரிக்கை எனலாம்.

1968 மே 16 அன்று, லண்டன் நகரில் ரோனான் பாயிண்ட் என்னும் 22 மாடிக் கட்டடத்தில், 18-ஆவது மாடியில் வசித்த ஒரு பெண்மணி விடியற்காலையில் தேநீர் வைக்கத் தீக்குச்சி கிழித்தார். வெடிப்பினால் கட்டடத்தின் ஒரு மூலை முழுவதும் சரிந்தது, நால்வர் இறந்தனர். அவ்வம்மையார் உயிர் தப்பினார். அடுப்பையும் குழாயையும் இணைத்த தரமற்ற பித்தளை மரை ஒன்று உடைந்ததே காரணம் என விசாரணையில் தெரியவந்தது. குழாய் உறுதியாக இருந்தும் இணைப்பு தவறினால் நேர்வது இதுவே.

மண்ணுக்குள் மறைந்த குழாயோ வேறு வகையில் ஏமாற்றும். 1999-இல் ஸ்காட்லாந்தின் லார்க்ஹால் ஊரில் துருப்பிடித்த இரும்புக் குழாயிலிருந்து கசிந்த வாயு ஒரு வீட்டை அழித்தது. ஒரே குடும்பத்தினர் நால்வர் மடிந்தனர். 2002 முதல் பிரிட்டனில், கட்டடங்களிலிருந்து 30 மீட்டருக்குள் உள்ள பழைய இரும்புக் குழாய்களை 30 ஆண்டுகளில் மாற்றும் பணி தொடங்கப்பட்டது. நம் நாட்டிலும் 2014 ஜூன் 27 அன்று ஆந்திரத்தின் நகரம் கிராமத்தில், அரிப்புற்ற பெருங்குழாய் வெடித்து 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

இப்பாடங்களின் பயனாக, நகர வீதிகளில் இன்று பெரும்பாலும் துருவேறாத பாலிஎத்திலீன் குழாய்களே புதைக்கப்படுகின்றன. எனினும் சுவரில் ஏறும் குழாய் துத்தநாகம் பூசிய இரும்பாகவே இருக்கும். திருவனந்தபுரம் போன்ற கடற்கரை நகரில் உப்புக் காற்றும் நீண்ட மழையும் அப்பூச்சை அரிக்க வல்லவை. சுவரைத் துளைத்துச் செல்லும் இடமும், பிடிப்பு ஆணியின் அடிப்பகுதியும் முதலில் கெடக்கூடிய இடங்கள்.

தேர்வு முறை எளியது. பணியாளர் குழாயில் காற்றை அடைத்து அழுத்தமானியைப் பொருத்துவார். குறித்த நேரத்துக்குள் முள் இறங்கினால் எங்கோ கசிவு உண்டு. பின் இணைப்புகளில் சோப்பு நீர் தடவினால், கசியும் இடத்தில் குமிழி எழும். தீக்குச்சியைக் கொண்டு சோதிப்பது உயிருக்கு உலை வைப்பதாகும். அடுப்போடு சேரும் ரப்பர் குழாயை ஐந்தாண்டுக்கு ஒருமுறையேனும் மாற்றிவிட வேண்டும். நாற்றம் எழுந்தால் வால்வை மூடி, சன்னல்களைத் திறந்து, மின்விசை எதையும் தொடாமல் வெளியேறி, வெளியிலிருந்தே நிறுவனத்துக்கு அறிவித்தல் முறை.

மும்பையிலும் டில்லியிலும் குழாய்வழி எரிவாயு 1990-களிலேயே வீடுகளுக்கு வந்துவிட்டது. அந்நகரங்களில் வாடகை வீடுகளில் குடியிருக்கும் நம்மவர் பலர், தாம் குடியேறுவதற்கு முன்பே பொருத்தப்பட்ட குழாயைக் கொண்டே சமைக்கின்றனர். அது எந்த ஆண்டில் பொருத்தப்பட்டது, இறுதியாக எப்போது சோதிக்கப்பட்டது என்று வீட்டுக்காரரிடம் கேட்பதில் கூச்சம் வேண்டா. திருவனந்தபுரத்துப் புதிய குழாயும் ஒருநாள் பழையதாகும். நாமும் இன்றே நம் அடுக்களைக் குழாயை ஒருமுறை நோக்குவோமாக.